ஓடும் கல் ஒரு கணம் நிற்பது ஏன்?

யாழ்தேவி மாங்குளம் தாண்டி வேகமெடுத்திருந்தது. யன்னலோரம் இருந்த அக்காவின் மகன் காட்டையும் பார்க்கவில்லை, மடியிலிருந்த கச்சானையும் உடைக்கவில்லை. நெற்றியை யன்னல் கம்பியில் முட்டிக்கொண்டு, கீழே தண்டவாளத்தோரச் சல்லிக்கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒரு கல்லு நிண்டது."

"எந்தக் கல்லு?"

"கீழ ஓடுற கல்லுதான். எல்லாம் கோடு கோடா ஓடுது. இடைக்கிட ஒண்டு மட்டும் டக்கெண்டு நிண்டு வடிவாத் தெரியுது. பிறகு அதுவும் ஓடீடும்."

ஓடுகிற ரயிலிலிருந்து பார்க்கக் கல் எப்படி நிற்கும் என்று அவனை மடக்கத்தான் நானும் குனிந்தேன். முதலில் ஒன்றுமில்லை, சாம்பல் நிறத்தில் ஒரே இழுவை. பிறகு, கற்கள் ஓடுகிற திசையிலேயே, ரயிலின் வால்பக்கமாகப் பார்வையைச் சட்டென்று எறிந்து பார்த்தேன். நின்றது. உடைந்த விளிம்பும் எண்ணெய்க் கறையுமாக ஒரு கல், ஒரு கணம். மறுபடியும் இழுவை.

என் வயதுக்காரர் பலருக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1990-ல் நின்றுபோன ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில். பொழுதுபோகாமல் ரயில் யன்னலால் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைப் பருவம் எங்களுக்கு வாய்க்கவில்லை. அதனால் பத்து வயதுப் பெடியன் ஒருவன் கண்டுபிடித்துச் சொல்லவேண்டி வந்தது.

கல் நின்றதில் மாயம் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. ரயில் மணிக்கு 75 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அது செக்கனுக்கு ஏறத்தாழ 21 மீற்றர். கண்ணுக்கும் கல்லுக்கும் இடையில் இரண்டரை மீற்றர் என்றால், அந்தக் கல் நம் கண்ணைக் கடக்கும் வேகம் செக்கனுக்குச் சுமார் 480 பாகை. எதையும் நிதானமாகப் பின்தொடர்கிற பார்வைக்கு இது எட்டாத வேகம். செக்கனுக்கு 30 பாகைவரை கண் சிரமமில்லாமல் தொடரும்; அதற்கு மேலே போகப் போகப் பின்தங்கிவிடும். ஆனால் கண்ணுக்கு இன்னொரு வித ஓட்டம் இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பார்வையை மாற்றும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவுகிறது. 20 பாகைத் தாவல் ஒன்று ஏறத்தாழ 60 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். அதன் நடுவில் உச்ச வேகம் செக்கனுக்கு 500 பாகையைத் தொடும். கல்லின் வேகமும் கண்ணின் வேகமும் ஒன்றாகிற அந்தத் துளி நேரத்தில், விழித்திரையைப் பொறுத்தவரை கல் அசையவே இல்லை. பக்கத்துப் பக்கமாக ஒரே வேகத்தில் போகும் இரண்டு மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் முகத்தை ஒருவர் தெளிவாகப் பார்ப்பது போலத்தான்.

இந்தத் தாவலைப் பார்வை அறிவியலில் சக்காட் என்பார்கள். பிரெஞ்சுச் சொல், கடிவாளத்தைச் சுண்டி இழுப்பதைக் குறித்தது. பாரிசில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுகூடத்தில், 1870-களின் இறுதியில், வாசிக்கிறவரின் கண் வரியின் மேலே சீராக ஓடாமல் துண்டு துண்டாகத் தாவுவதைக் கவனித்தார்கள். நித்திரையில் கனவு காணும்போது மூடிய இமைக்குள் கண் ஓடுவதும் வேகமான விழியசைவுதான், ஆனால் அது வேறு கதை. இங்கே பேச்சு விழித்திருக்கும் கண்ணைப் பற்றியது.

தாவவேண்டிய தேவை கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. கையை நீட்டிப் பெருவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தில் மட்டுமே நாம் கூர்மையாகப் பார்க்கிறோம். விழித்திரையின் நடுவே இருக்கும் சிறு குழியில்தான் கூம்புக் கலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மற்றதெல்லாம் மங்கல். இரணைமடுக் குளக்கட்டில் நின்று பார்த்தால் தண்ணீரும் அக்கரை மரங்களும் வானமும் முழுதாக ஒரே தெளிவில் தெரிவதாக நினைக்கிறோமே, அது நகக்கண் அளவு துண்டுகளைக் கண் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டு வந்து ஒட்டியது. செக்கனுக்கு மூன்று தாவல் அளவில், விழித்திருக்கும் ஒரு நாளுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் வருகிறது.

எண்ணிக்கையில் இதயத் துடிப்போடு போட்டிபோடும் இந்த அசைவுக்கு நம் பேச்சில் ஒரு சொல்கூட இல்லை. இமைப்பொழுது என்கிறோம், கண்ணிமைக்கிற நேரம் என்கிறோம். மாத்திரை என்கிற எழுத்தளவைக்கே இமைப்பதைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். இமைப்பதைவிட விரைவாகவும் அடிக்கடியும் நடப்பது விழி தாவுவது. அதற்குப் பெயர் வைக்காததற்குக் காரணம் அலட்சியம் அல்ல என்பது என் எண்ணம். தன் கண் தாவுவதை எவரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பார்க்க முடியாது என்பதைச் சோதிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். கிட்டப்போய் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள், பிறகு வலக் கண்ணைப் பாருங்கள். மாறி மாறிப் பாருங்கள். கண் எப்போதும் நின்றபடிதான் தெரியும். பக்கத்தில் நிற்பவரோ உங்கள் விழி அங்குமிங்கும் ஓடுவதைத் தெளிவாகக் காண்பார். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க உளவியலாளர் றேமண்ட் டொட்ஜ் இதைத்தான் எடுத்துப் பேசினார். இன்று அதற்கு மறுபக்கச் சோதனையும் கையிலேயே இருக்கிறது: கைபேசியின் முன் கமராவைத் திறந்து அதே வேலையைச் செய்யுங்கள். திரைக்குப் படம் வந்துசேரச் சிறிது தாமதமாவதால், உங்கள் கண் தாவி முடிந்த பிறகு அந்தத் தாவல் திரையில் வரும். அப்போது பிடிபடும்.

ஆக, தாவும் பொழுதில் ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது. என்ன மறைகிறது என்பது அவ்வளவு எளிய கேள்வி அல்ல. தாவலின்போது உலகத்தின் படம் முழுவதும் விழித்திரையில் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான பாகை வேகத்தில் இழுபடுகிறது. கமராவை அப்படிச் சுழற்றி வீடியோ எடுத்தால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். நமக்கு ஒரு அசைவும் தெரிவதில்லை. வேலியும் வீடும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் வெளியோரத்தை இமைக்கு மேலால் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உலகம் சரியும். விழித்திரையில் படம் நகர்ந்தது தாவலில் நகர்வதைவிட எவ்வளவோ குறைவு. ஆனாலும் உலகம் அசைந்ததாகத் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த வேறுபாட்டில் பிடித்துக்கொண்டார். தசைக்குக் கட்டளை கொடுத்துக் கண்ணைத் திருப்பினால் உலகம் நிற்கிறது, கட்டளை இல்லாமல் விரல் திருப்பினால் உலகம் ஓடுகிறது. அப்படியானால் கணக்கு வைத்திருப்பது கட்டளை போகும் வழியில்தான் இருக்கவேண்டும்.

கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, வரும் கடிதங்களின் அடியைப் பார்த்திருப்பீர்கள். 'பிரதி' என்று போட்டு, பிரதேச செயலாளருக்கு ஒன்று, கிராம அலுவலருக்கு ஒன்று என்று எழுதியிருக்கும். மூளை கண்தசைக்கு விடும் கட்டளைக்கும் இப்படி ஒரு பிரதி உண்டு. "வலப்பக்கம் 10 பாகை திரும்பு" என்ற கடிதம் தசைக்குப் போகும்போதே அதன் பிரதி பார்வையைக் கையாளும் பகுதிகளுக்கும் போகிறது. அவை விழித்திரையில் வரப்போகும் இழுவையைக் கண்ணின் கணக்கில் எழுதிவிடுகின்றன. மிச்சம் ஏதும் இருந்தால் மட்டுமே அது உலகத்தின் அசைவு. விரலால் அழுத்தும்போது கடிதமே இல்லை, பிரதியும் இல்லை, எனவே முழு நகர்வும் உலகத்தின் தலையில் விழுகிறது.

1950-ல் ஜேர்மனியில் ஃபொன் ஹொல்ஸ்ற், மிற்றல்ஷ்ரெட் என்ற இருவர் ஒரு ஈயின் தலையைக் கழுத்தில் அரைவட்டம் திருப்பி ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். பார்வை தலைகீழானதால் பிரதி சொல்வதும் கண் சொல்வதும் முட்டுப்பட்டன. ஒன்றை ஒன்று கழிக்கவேண்டிய இடத்தில் கூட்டிக்கொண்டன. ஈ நிற்காமல் வட்டம் சுற்றியது. கொடூரமான பரிசோதனை, ஆனால் அதைவிடத் தெளிவாக இதை எவரும் காட்டிவிடவில்லை. பிரதி போகும் பாதையின் ஒரு பகுதியை 2002-ல் குரங்குகளில் சொமர், வூர்ட்ஸ் ஆகியோர் கண்டார்கள்: நடுமூளையிலிருந்து, தலமஸ் என்ற உள்மூளைப் பகுதி வழியாக, முன்மூளையில் கண்ணசைவைக் கவனிக்கும் பகுதிக்கு.

பிரதி கணக்கை நேராக்குகிறது, சரி. இழுபட்ட படத்தின் மங்கலாவது தெரியவேண்டுமே? இங்கேதான் ஆய்வாளர்கள் இன்னும் வாக்குவாதப்படுகிறார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

ஒரு தரப்பு, மூளை தாவலின்போது அசைவைப் பார்க்கும் வழியைத் தானே தணிக்கிறது என்கிறது. 1994-ல் பர், மொறோன், றொஸ் மூவரும் இதற்கு வலுவான ஆதாரம் வைத்தார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழிகளில் ஒன்று பருமட்டான ஒளி-இருள் வேறுபாட்டையும் அசைவையும் விரைவாகக் கொண்டுபோவது. இன்னொன்று நிறத்தையும் நுணுக்கத்தையும் கொண்டுபோவது. தாவலின்போது முதலாவதுதான் தணிகிறது, நிறவேறுபாட்டால் மட்டும் வரைந்த கோடுகள் கிட்டத்தட்டத் தப்பிவிடுகின்றன என்று காட்டினார்கள். தணிப்பு கண் அசையத் தொடங்குவதற்குச் சற்று முன்னரே ஆரம்பமாவதும் இந்தத் தரப்புக்குச் சாதகம்.

மற்றத் தரப்பு, தணிக்கவே வேண்டியதில்லை, முன்னும் பின்னும் வரும் படங்கள் இழுவையை மூடினால் போதும் என்கிறது. 1978-ல் காம்பெல், வூர்ட்ஸ் ஆகியோர் ஒரு அறையைத் தாவல் நடக்கும் சில மில்லிசெக்கன்கள் மட்டும் வெளிச்சமாக்கிப் பார்த்தார்கள். தாவலுக்கு முன்னும் இருட்டு, பின்னும் இருட்டு. அப்போது இழுவை நன்றாகவே தெரிந்தது! வெளிச்சத்தைத் தாவல் முடிந்த பிறகும் கொஞ்சம் நீட்டியதும் இழுவை காணாமல் போயிற்று. முன்னும் பின்னும் வரும் தெளிந்த படங்கள் நடுவில் இருந்த மங்கலை விழுங்கிவிடுகின்றன. 2000-இல் கஸ்ற்றே, மசோன் இருவரும் இன்னொரு அடி வைத்தார்கள்: கண்ணின் வேகத்துக்கு ஈடுகொடுக்கிற மாதிரி ஒரு கோலத்தை ஓடவிட்டால், தாவலின் நடுவிலேயே அதன் அசைவு தெரிகிறது.

மாங்குளம் தாண்டிப் பெடியன் கண்டதும் இதற்கு நெருங்கிய உறவுதான். தாவும்போது கண் மூடப்பட்ட கதவாக இருந்திருந்தால் அவனுக்குக் கல் தெரிந்திருக்காது. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது என்பது என் கணிப்பு. 2020-ல் ஜேர்மனியின் ரியூபிங்கனில் நடந்த ஆய்வு ஒன்று, தணிப்பின் தொடக்கம் விழித்திரையிலேயே இருக்கிறது என்று காட்டியதால், 'மூளை தானாகச் செய்வது', 'படத்தால் நேர்வது' என்ற பிரிப்பே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

இருட்டில் இழுவை தெரியும் என்ற காம்பெல்-வூர்ட்ஸ் முடிவைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம், இரவில் ஏ-9 வீதி போதும். புளியங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் இருபுறமும் காடு, தெருவிளக்கு அரிது. முன்னால் எல்இடி பின்விளக்குகளோடு ஒரு கார் போகிறது. அதிலிருந்து பார்வையை வீதியோரத்துக்குச் சட்டென்று மாற்றினால் சில வாகனங்களில் ஒரு சிவப்புக் கோடு அல்ல, சிவப்புப் புள்ளிகளின் வரிசை தெரியும். மணி கோத்த மாதிரி. என் நண்பர் ஒருவர் இதைக் கண்டு பயந்து கண் வைத்தியரிடம் போகலாமா என்று கேட்டார். கண்ணில் பழுதில்லை. அந்த விளக்குகள் தொடர்ந்து எரிவதில்லை. பிரகாசத்தைக் குறைப்பதற்காக அவற்றை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகிறார்கள். செக்கனுக்கு 200 தடவை என்றால், நிலைத்துப் பார்க்கும் கண்ணுக்கு அது ஒரே வெளிச்சம். ஆனால் 40 மில்லிசெக்கன் தாவலுக்குள் எட்டுத் தடவை மின்னிவிடும். ஒவ்வொரு மின்னலும் விழித்திரையில் வெவ்வேறு இடத்தில் விழுவதால் எட்டுப் புள்ளி. பகலிலும் அதே விளக்கு அதே மாதிரித்தான் மின்னுகிறது. சுற்றியுள்ள மரமும் வீதியும் தாவலுக்குப் பின் உடனே தெளிவாக வந்து அதை மூடிவிடுகின்றன. இருட்டில் மூட ஆளில்லை.

கோயில் திருவிழாச் சோடனை லைட்டுகளிலும் இதைக் காணலாம், மலிவானவை நன்றாகக் காட்டும். குப்பி விளக்கிலும் ஜாம் போத்தல் விளக்கிலும் படித்த காலத்தில் இந்தப் புள்ளிகள் இருந்ததில்லை. சுடர் ஆடும், ஆனால் அணைந்து அணைந்து எரியாது. பழைய குமிழ் பல்புகளும் அப்படித்தான். 50 ஹேட்ஸ் மின்சாரத்தில் அவை செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கினாலும், இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும்.

பகலில் பஸ்ஸில் போகும்போது வெளியே பார்ப்பதை விட்டு, வெளியே பார்க்கிறவரின் கண்ணைப் பாருங்கள். (முன்பின் தெரியாதவரென்றால் வேண்டாம்.) தேக்கங்காடு பின்னால் ஓடும், கண் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் போகும், எல்லைக்கு வந்ததும் சட்டென்று முன்னால் தாவி அடுத்த மரத்தைப் பிடிக்கும். மெல்ல, சட்டென்று, மெல்ல, சட்டென்று. பயணிக்கோ தன் கண் ஆடுகிறது என்ற உணர்வே இருக்காது. நிலைத்த படத்தைச் சேகரி, தாவு, மறுபடி சேகரி என்பதுதான் கண்ணுள்ள உயிர்கள் பலவற்றின் வழி. முற்றத்துக் கோழி நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டுவதாகச் சொல்வோம். உண்மையில் அது தலையை முன்னால் வீசிவிட்டு, உடம்பு வந்து சேரும்வரை தலையை அந்தரத்தில் அசையாமல் வைத்திருக்கிறது. 1978-ல் ஃப்றொஸ்ற் என்பவர் புறாவை ஓடும் பட்டியில் நடக்கவிட்டார். உடல் நடந்தும் சுற்றியுள்ள காட்சி நகராததால் புறா தலையாட்டுவதை நிறுத்திவிட்டது. கண்ணை எங்களளவுக்குச் சுழற்ற முடியாத பறவை கழுத்தால் தாவுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரிக்கெட் பழக்குகிறவர் எவரும் முதல் நாளே சொல்வது: "பந்தில இருந்து கண்ணை எடுக்காதை." நானும் சொல்லியிருக்கிறேன். அது நடக்காத காரியம். மணிக்கு 120 கிலோமீற்றரில் வரும் பந்து 18 மீற்றரைக் கடக்க அரைச் செக்கனுக்குச் சற்றே கூட எடுக்கும். கிட்ட வர வர அது கண்ணைக் கடக்கும் வேகம் தொடரும் பார்வையின் எல்லையைத் தாண்டிவிடும். 2000-ல் மைக்கல் லான்ட், பீற்றர் மக்லவுட் இருவரும் மூன்று துடுப்பாட்டக்காரரின் தலையில் கமரா பொருத்தி, பந்து எறியும் இயந்திரத்தின் முன் நிறுத்திப் பார்த்தார்கள். பந்து கையைவிட்டு, அதாவது இயந்திரத்தை விட்டு, வெளிவரும்போது அதைப் பார்க்கிறார்கள். அடுத்து, பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகிற இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிக் காத்திருக்கிறது. பந்து அங்கே வந்து குத்தி எழும்பிய பிறகு மறுபடி கொஞ்சத் தூரம் தொடர்கிறது. நல்ல ஆட்டக்காரரின் கண் அந்தத் தாவலை முந்திச் செய்தது. திறமை குறைந்தவரின் கண் தயங்கியது. ஆகவே திறமை கண்ணை எடுக்காமல் இருப்பதில் இல்லை, எப்போது எடுத்து எங்கே வைப்பது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது. மென்பந்துப் போட்டிகளில் எங்கள் ஊர்ப் பெடியள் சிலர் தார் போடாத சீரற்ற ஆடுகளத்தில் நின்று விளாசுவதைப் பார்க்கும்போது, குத்தும் இடத்தை எவ்வளவு முந்திப் படிக்கிறார்களோ என்று எனக்கு இப்போது தோன்றும்.

தாவலின் மறைவில் உலகம் உண்மையாகவே நகர்ந்தாலும் நமக்குத் தெரியாது. 1975-ல் பிறிட்ஜ்மன் குழுவினர், கண் தாவும்போது காட்சியைச் சற்று நகர்த்திவிட்டார்கள். தாவலின் மூன்றிலொரு பங்கு அளவுக்கு நகர்த்தியும் பார்ப்பவர் கவனிக்கவில்லை. சந்தியில் நின்று இடமும் வலமும் ஒரு வீச்சில் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கிறவர்களை நினைக்கத் தோன்றுகிறது. வீசிய இடமெல்லாம் பார்த்ததாக அவர் நம்புவார். பார்த்தது கண் நின்ற இரண்டு மூன்று இடங்களை மட்டுந்தான். ஒவ்வொரு விபத்துக்கும் இதையே காரணமாகச் சொல்வது மிகை. வேகமும் குடியும் இருக்கும்போது கண்ணைக் குற்றஞ்சாட்டத் தேவையில்லை.

இன்னும் ஒன்று, இது குடும்ப வட்ஸ்அப் குழுக்களுக்கு. வட்டங்களும் அலைகளுமாக ஒரு படம் வரும். "இது அசையாமல் தெரிந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள், வேகமாக அசைந்தால் மன அழுத்தம், யப்பானிய மருத்துவப் பேராசிரியர் உருவாக்கியது" என்று கீழே எழுதியிருக்கும். எனக்கு மூன்று பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். அந்தப் படத்தை 2016-ல் வரைந்தவர் உக்ரைன் ஓவியர் யூரி பெரெபாடியா; மன அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார். இந்த வகைப் படங்களுக்குப் பேர்போனவர் யப்பானின் அக்கியோஷி கிற்றவோக்கா. 2003-ல் அவர் வரைந்த சுழலும் பாம்புகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை ஏன் சுழல்கின்றன என்பதற்கும் கண் தாவலுக்கும் தொடர்பு உண்டு. ஒரு புள்ளியையே பார்க்கிறோம் என்று நினைக்கும்போதும் கண் மிகச் சிறிய தாவல்களைச் செய்துகொண்டே இருக்கும். அந்த நுண்தாவல்களும் இமைப்பும் நிகழும்போதுதான் பாம்புகள் சுழலத் தொடங்குகின்றன என்பதை 2012-ல் ஒற்றேரோ-மில்யான் குழுவினர் அளந்து காட்டினார்கள். நடுவில் ஒரு புள்ளியை அசையாமல் வெறித்துப் பாருங்கள், சுழற்சி தணியும். அது அசைவதும் நிற்பதும் உங்கள் கண்ணைப் பொறுத்தது, கடனைப் பொறுத்ததல்ல.

அசையாத வெளிச்சம் அசைவதற்கு வன்னியில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. யானைக் காவலுக்குப் பரணில் படுத்தவர்கள் வயலுக்கு அப்பால் ஒற்றை வெளிச்சம் ஒன்று மிதந்து திரிந்ததைக் கண்டு கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். எல்லாக் கொள்ளிவாயையும் நான் விளக்கப்போவதில்லை. ஆனால் முழு இருட்டில், பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாமல், ஒரு சிறு வெளிச்சத்தைத் தொடர்ந்து பார்த்தால் சிறிது நேரத்தில் அது ஊரத் தொடங்கும். இதைச் சுடலைக்குப் போகாமலே, கதவை மூடிய அறையில் ஒரு எல்இடிப் பொட்டை வைத்துப் பார்க்கலாம். 1799-ல் ஹும்போல்ட் என்ற ஜேர்மனிய அறிஞர் ரெனெறிஃப் தீவு மலையில் நட்சத்திரங்கள் இப்படி ஆடுவதைக் கண்டு அது வானத்தில் நடப்பதாகவே எழுதிவைத்தார். பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், கண்ணின் மெல்லிய நழுவலையும் அதைப் பிடித்துவைக்கும் முயற்சியையும் கழிக்க வேறு சாட்சி இல்லாதபோது, அந்த அசைவு வெளிச்சத்தின் கணக்கில் விழுகிறது என்பது. விரலால் கண்ணை அழுத்திய கதையின் இன்னொரு வடிவம்.

அண்மையில் வந்த ஆய்வுகளில் என்னை நிறுத்தியவை பேர்லினில் மார்ற்றின் றொல்ஃப்ஸ் குழுவினருடையவை. 2021-ல் அவர்கள், தாவலின்போது ஏற்படும் இழுவை முழுக்கக் கழிவு அல்ல என்று காட்டினார்கள். தாவும் நேரத்தில் இலக்கு இடம்மாறினால், அது விட்டுச்செல்லும் இழுவைத் தடத்தைப் பிடித்துக் கண் விரைவாகச் சரியான இடத்துக்குத் திரும்புகிறது. 2025-ல் வந்தது இதைவிடச் சுவையானது. கண்ணை அசைக்காமல் வைத்துக்கொண்டு, ஒரு பொருளை மட்டும் கண் தாவும் அதே வேகத்திலும் அதே தூரத்துக்கும் ஓடவிட்டால், அதன் ஓட்டம் தெரியாமல் போகிறது. இங்கே இருந்தது அங்கே இருப்பதாக மட்டுமே தெரியும். எந்த வேகத்துக்கு மேலே அசைவு கண்ணுக்குப் புலப்படாது என்பது கண்ணின் தாவல் வேகத்தோடு ஒட்டிப்போகிறது. யாருடைய கண் வேகமாகத் தாவுகிறதோ அவர் இன்னும் வேகமான பொருளின் ஓட்டத்தையும் பார்க்கிறார். தன் தாவலால் ஒரு நாளைக்கு இலட்சம் தடவை விழித்திரையில் விழும் இழுவையைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகிய பார்வை, அதே மாதிரியான இழுவை வெளியிலிருந்து வந்தாலும் கண்டுகொள்வதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்த எண்ணம், பெடியன் கல்லை முதலில் கண்டதற்கு அவன் கண் என் கண்ணைவிட வேகமாகத் தாவுவது காரணமோ என்பது. அளந்து பார்க்க வழியில்லை. அவனிடம் சொன்னால் வீடு முழுக்கச் சொல்லித் திரிவான் என்பதால் சொல்லவும் இல்லை.

அன்றைக்கு முறிகண்டி கழிந்து அறிவியல் நகரை அண்மித்தபோதும் அவன் கற்களை நிறுத்திக்கொண்டுதான் இருந்தான். இத்தனை, அத்தனை என்று எண்ணிக்கை வேறு. கிளிநொச்சி மேடை தெரியத் தொடங்க, ரயில் நடை வேகத்துக்கு வந்தது. மணிக்கு ஐந்து கிலோமீற்றருக்குக் கீழே இறங்கினால் இரண்டரை மீற்றர் தூரத்துக் கல் செக்கனுக்கு ஏறத்தாழ 30 பாகைக்குள் வந்துவிடும். கண் தாவத் தேவையில்லை, சாதாரணமாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

"இப்ப எல்லாக் கல்லும் நிக்குது," என்றான் சலிப்போடு. பிறகுதான் கச்சான் பையை அவிழ்த்தான்.